நார் கட்டின பொட்டலம்

பொன்னம்மாள் முழம் போடும்போது விரலை மடக்க மாட்டாள். பூ விற்கிறவர்களில் அது பெரிய விஷயம். முழங்கையிலிருந்து நீட்டி அளந்துகொண்டே வந்து, கடைசியில் நைசாக விரலை மடக்கி மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். டில்லி மயூர் விஹார் ஃப்ளாட்டுகளில் இருக்கிற மாமிகளுக்கு இது நன்றாகத் தெரியும். "பொன்னம்மா கை நேர்மையான கை" என்று ருக்கு மாமி வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அந்த நேர்மையான கையை வைத்துக்கொண்டு அவள் என்னத்தைக் கண்டாள் என்று கேட்டால், அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு புருஷன் மாசிலாமணியுடன் டில்லிக்கு ரயில் ஏறினவள். ஃப்ளாட்டுகளுக்குப் பின்னால் ஒரு கேம்ப் இருக்கிறது. கேம்ப் என்றதும் பட்டாளத்தை நினைக்காதீர்கள். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த தமிழ் ஜனங்கள் தகரமும் செங்கல்லுமாக எழுப்பிக்கொண்ட குடியிருப்பு அது. நடுவில் ஒரு மாரியம்மன் கோயில், அதைச் சுற்றி ஆள் ஒருக்களித்துப் போகிற சந்துகள். அதில் ஓர் அறை இவர்களுடையது. மாசிலாமணி சிமென்ட் மூட்டை தூக்கினான். இவள் விடியும்முன் காஜிப்பூர் பூ மண்டிக்குப் போய் மல்லிகை மொட்டு வாங்கி வந்து கட்டி விற்றாள்.

மாசிலாமணிக்கு இருமல் வந்தது. டி.பி. என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மாத்திரை கொடுத்தார்கள், ஆளும் நன்றாகத்தான் தேறி வந்தான். மாத்திரையை ஒழுங்காக முழுங்குகிறானா என்று பார்த்துப்போக ஓர் ஆள் வருவான். அவன் சந்து முனையிலேயே நின்றுகொண்டு, "டி.பி.வாலா கர் கௌன்சா ஹை?" என்று தொண்டை கிழியக் கேட்பான். டி.பி.க்காரன் வீடு எது என்று. பாவம், அவன் வேலை அவனுக்கு. ஆனால் அன்றையிலிருந்து மாசிலாமணிக்குப் பேர் போய் டி.பி.வாலா ஆகிவிட்டது. குழாயடியில் அவன் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். மேஸ்திரி வேலைக்கு வர வேண்டாம் என்றான். மனுஷன் மானஸ்தன். மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்த ஆள் வரமாட்டான் என்று நினைத்தான், நிறுத்தியும்விட்டான். நினைத்த மாதிரியே ஆள் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மாசிலாமணியும் இல்லை. "அவர நோவு கொல்லல, அந்தச் சத்தம்தான் கொன்னுது" என்பாள் பொன்னம்மாள். 

ருக்கு மாமிக்கு ஒரு பெண், ஜ்யோத்ஸ்னா. அந்தப் பேர் பொன்னம்மாள் வாயில் நுழையாது, "சோஸ்னா பாப்பா" என்பாள். பாவாடை கட்டிக்கொண்டு ஓடிவந்து கூடையில் கைவிட்டுப் பூவை அள்ளிக்கொண்டு போன குழந்தை. அது வளர்ந்து, என்னென்னவோ படித்து, காசநோயை ஒழிக்கப் பாடுபடுகிற ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தது. இந்திக்காரர்கள் அதை சன்ஸ்தா என்பார்கள், கேட்டுக் கேட்டுக் கேம்ப் தமிழர்களுக்கும் அது சன்ஸ்தாவாகவே ஆகிவிட்டது. ஒருநாள் பாப்பா கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சாக்கடையைத் தாண்டிப் பொன்னம்மாள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, நீங்கதான் ஹெல்ப் பண்ணணும். இங்க எல்லாரும் இருமறா, கேட்டா இல்லேங்கறா. நான் வந்தா கதவையே சாத்திக்கறா."

அதுவரைக்கும் பூக்கார ஆன்ட்டி. இப்போது அக்கா. அந்த ஒரு வார்த்தையில் பொன்னம்மாள் உருகிப்போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். நம்ம பொண்ணு, நம்ம பாஷை, தூக்கிக் கொஞ்சின பிள்ளை. சத்தம் போட்டு மானத்தை வாங்குகிற வேலை மட்டும் வேண்டாம், தன் வழியில் செய்கிறேன் என்றாள். பாப்பா, "அச்சா அக்கா, உங்க இஷ்டம்" என்றாள்.

அவள் வழி இதுதான். காலையில் பூக்கூடையோடு சந்து சந்தாகப் போவாள். "பூவேய்" என்று குரல் கொடுப்பாள். யார் வீட்டு வாசலில் பூக்காரி நின்றாலும் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. இலைப் பொட்டலத்துக்குள் பூ, பூவுக்கு அடியில் மாத்திரை. அவள் வாசலில் உட்கார்ந்து நிதானமாக முழம் போடுவாள், அதை முடிப்பதற்குள் உள்ளே இருக்கிறவள் மாத்திரையை முழுங்கிவிட வேண்டும். முழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். எந்தப் பொட்டலத்தில் மாத்திரை என்று தடுமாறாமல் இருக்க அவளே ஓர் அடையாளம் வைத்திருந்தாள். வெறும் பூப் பொட்டலத்தை நூலால் கட்டுவாள். மாத்திரைப் பொட்டலத்தை வாழைநாரால் கட்டுவாள். டில்லியில் வாழைநாருக்கு எங்கே போவது? மண்டிக்கு வரும் பூ மூட்டையைக் கட்டியிருக்கிற நாரைப் பொறுக்கி வந்து, தண்ணீரில் நனைத்து, கிழித்து வைத்துக்கொள்வாள்.

சும்மா சொல்லக்கூடாது, சன்ஸ்தாவும் நல்ல வேலைதான் செய்தது. சளி டெஸ்ட்டுக்கு ஏற்பாடு பண்ணியது, மருந்து தடைபடாமல் வாங்கித் தந்தது. மாத்திரை சாப்பிட்டால் மூத்திரம் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று சொல்லிக் கொடுத்தது. பேட்டரி ரிக்‌ஷா ஓட்டுகிற தீனாகூட, கல்யாணமாகாத பயல், "வண்டியில சாமி படத்துக்கு" என்று தினம் பூ வாங்கிக் குணமாகிவிட்டான். கேம்ப்பில் யாரிடமும் மூச்சு விடவில்லை பொன்னம்மாள்.

கஷ்டப்பட்டது மஹாலட்சுமி விஷயத்தில்தான். பக்கத்துச் சந்துக்காரி, சொந்த ஊரும் பக்கத்து ஊர். புருஷன் கொத்தனார், வேலை எங்கோ அங்கே போய்த் தங்கிவிடுவான். இவள் ருக்கு மாமி வீட்டில் பாத்திரம் தேய்த்து, காய் நறுக்கி, வீடு பெருக்குகிறவள். பூ வாங்கும்போது முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமினாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். பொன்னம்மாள் முழம் போடுவதைப் பாதியில் நிறுத்தினாள்.

"டெஸ்ட்டுக்கு வாடி."

"வேலை போயிடும்க்கா. எம் புருசன் வீட்டுல தெரிஞ்சா என்னைய வெச்சு வாழுவானா? செத்தாலும் சாவேன், வரமாட்டேன்."

பொன்னம்மாள் அவளை இழுத்துக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். பலிபீடக் கல்லில் சூடம் ஏற்றினாள். "உன் நோவு என் வாயால ஒருத்தருக்கும் தெரியாதுடி" என்று உள்ளங்கையால் அதை அடித்து அணைத்தாள். கையில் கொப்பளம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மஹாலட்சுமி வந்தாள்.

டெஸ்ட்டில் டி.பி. என்று வந்தது. மருந்தின் ஆரம்ப வாரங்களில் அவளை வேலைக்கு விடவில்லை பொன்னம்மாள். ஊரில் சாவு என்று ருக்கு மாமியிடம் சொல்லச் சொல்லி, அறையிலேயே இருக்கவைத்துக் கஞ்சி ஊற்றினாள். அப்புறம் டாக்டர் பார்த்து, இனி யாருக்கும் ஒட்டாது, வேலைக்குப் போகலாம், மாத்திரையை மட்டும் நடுவில் விட்டுவிடாதே, விட்டால் திரும்பி வரும்போது இந்த மருந்துக்கு அடங்காது என்றார். மருந்து பாப்பா கை வழியாக வருவதால் பாப்பாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். "அம்மாகிட்ட கூட சொல்ல மாட்டேன் அக்கா" என்று பொன்னம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் பாப்பா. சொல்லவும் இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தினம் காலையில் மஹாலட்சுமி மாத்திரையை முழுங்கிவிட்டு இரண்டு பொட்டலத்தோடு ஃப்ளாட்டுக்குப் போவாள். நூல் கட்டினது மாமி பூஜைக்கு. நார் கட்டினது இவள் தலைக்கு, வேலை முடிந்ததும் வைத்துக்கொள்ள. "வேலைக்கு வர பொம்மனாட்டின்னா இப்படி இருக்கணும், பூவும் பொட்டுமா எத்தனை லட்சணம்" என்பாள் ருக்கு மாமி. மாசங்கள் ஓடின. மஹாலட்சுமிக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. மருந்து முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் பாப்பா கேமராக்காரனோடு வந்தாள்.

"ஆபீஸ்ல மேல இருக்கறவாளுக்குக் காட்டத்தான் அக்கா. வெளியில போகாது."

பொன்னம்மாள் மாசிலாமணி கதையைச் சொன்னாள். பூ கட்டிக் காட்டினாள். பேச்சு வாக்கில், நூல் என்றால் வெறும் பூ, நார் என்றால் உள்ளே மாத்திரை என்று பொட்டலத்தைத் தூக்கியும் காட்டிவிட்டாள். எதிரில் நின்று தமிழில் கேட்டது பாப்பா இல்லையா, கேமரா அவளுக்கு மறந்தே போய்விட்டது. காட்டின பிறகுதான் திக்கென்றது. "பாப்பா, இந்த நார் விசயத்த மட்டும் எடுத்துடு கண்ணு. மத்தது என்ன வேணா போட்டுக்க." பாப்பா சிரித்துக்கொண்டே, "எடுத்துடறேன் அக்கா, ப்ராமிஸ்" என்றாள்.

அந்தப் படத்தைக் காட்ட சன்ஸ்தா வைத்த விழா ஒரு பெரிய ஹாலில் நடந்தது. வெளிநாட்டுக்காரர்கள் கூட வந்திருந்தார்கள். பாப்பா கார் அனுப்பி பொன்னம்மாளை அழைத்துக்கொண்டாள். முன் வரிசையில், பட்டுப்புடவை கட்டின ருக்கு மாமிக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்கு. விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். ஆம்பிளைக் குரல் ஒன்று இங்கிலீஷில் என்னவோ பேசியது. திரையில் அவள் முகம், அவள் கூடை, அவள் சந்து. அப்புறம் அவள் கை, சுவர் அகலத்துக்கு. அந்தக் கையில் ஓர் இலைப் பொட்டலம். அதைச் சுற்றி, வடம் மாதிரித் தெரிந்தது வாழைநார்.

"நூல் கட்டினா வெறும் பூ. நார் கட்டினா உள்ள மாத்திரை." அவள் குரலேதான். புரியாதவர்களுக்கு என்று கீழே இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுத்து ஓடியது. நார் முடிச்சு அவிழ்வதை மட்டும் மூன்று தடவை காட்டினார்கள். அந்த இடத்தில்தான் கைத்தட்டல் அதிகம்.

பொன்னம்மாளுக்கு, பாப்பா மறந்துபோய் விட்டிருக்கும் என்று ஒரு கணம் மனசு சமாதானம் தேடியது. மறந்து போனது மூன்று தடவையா வரும்? நம்பவைத்துக் கழுத்தை அறுக்கிறது என்று சொல்லக் கேட்டிருக்கிறாள், அறுபடும்போது இப்படிக் கைதட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

ருக்கு மாமி மெதுவாகத் திரும்பினாள். "பொன்னம்மா, மஹாலட்சுமி பொட்டலம் எப்பவும் நார்ல தானே இருக்கும்?"

"நூலு தீந்துட்டா நார்ல கட்டுவேன் மாமி. அதுக்கென்ன."

மாமி மடியில் கிடந்த முந்தானையை இழுத்து, உட்கார்ந்தபடியே நாற்காலியின் மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள். மேடையில் பாப்பா மைக்கைப் பிடித்து, நோயை ஒதுக்குங்கள், நோயாளியை ஒதுக்காதீர்கள், மருந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்து பயப்படத் தேவையில்லை என்று இந்தியில் அழகாகப் பேசிக்கொண்டிருந்தாள். அப்புறம் பொன்னம்மாளைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள்.

அவள் கேம்ப்புக்குத் திரும்புவதற்கு முன்னாலேயே படம் ஒவ்வொரு செல்போனாக வந்து இறங்கிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? யார் வீட்டுக் குப்பையில் நார் கிடந்தது, யார் வீட்டு வாசலில் பூக்காரி அதிக நேரம் உட்கார்ந்தாள் என்று ஆளாளுக்குத் துப்பறிய ஆரம்பித்தார்கள். தீனாவைப் பார்த்து, "என்ன தம்பி, உங்க சாமிக்கும் இருமலா?" என்று கேட்டார்கள். அவன் வண்டியில் யாரும் ஏறவில்லை. நோவே இல்லாதவர்களும் அவளிடம் பூ வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இங்கே நாரோடு சேர்ந்து பூ நாறிப்போனது.

மறுநாள் காலையில் மஹாலட்சுமி ஃப்ளாட்டுக்குப் போனாள். ருக்கு மாமி கிரில் கதவைத் திறக்கவே இல்லை. உள்ளிருந்தபடியே, "தப்பா நினைச்சுக்காதே, ஆத்துல வயசானவா இருக்கா" என்று சொல்லி, அவள் டீ குடிக்கிற டம்ளரை ஒரு பையில் போட்டு வெளியே வைத்தாள். அந்தப் பையோடு மஹாலட்சுமி நேராகப் பொன்னம்மாள் வாசலுக்கு வந்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"சூடம் அணைச்சியேக்கா" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மஹாலட்சுமியை அறையைக் காலி பண்ணச் சொன்னான் வீட்டுச் சொந்தக்காரன். அடுத்த நாள் பொன்னம்மாள் மாத்திரையோடு போனபோது அவள் அறையில் பூட்டு தொங்கியது. ஃபோன் போட்டால் சுவிட்ச் ஆஃப்.

பாப்பா வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. சன்ஸ்தா இனிமேல் இந்தக் கேம்ப் மாதிரி எல்லா பஸ்திகளிலும் பூக்காரிகளை வைத்தே மருந்து கொடுக்கப் போகிறதாம். கூடைக்கு மேல் போர்த்த, சன்ஸ்தா பேர் அச்சடித்த துணி வேறு தைக்கக் கொடுத்திருக்கிறதாம்.

"மஹாலட்சுமி போயிட்டா பாப்பா. மாத்திரை இல்லாம போயிட்டா."

சிரிப்பு நின்றது. "அக்கா, பேஷண்ட்ஸ் யார் பேரும் வீடியோல வரலையே. அவா முகம்கூட மறைச்சோம்."

"பேரு எதுக்குக் கண்ணு? இந்தக் கேம்ப்புல நாருதான் பேரு. எடுத்துடறேன்னு சொன்னியே."

"எல்லாருக்கும் அந்தப் பார்ட்தான் பிடிச்சது அக்கா. நான் என்ன பண்ண?"

பொன்னம்மாளுக்குக் கோபத்தைவிட ஆற்றாமைதான் அதிகம் இருந்தது. "சரி, விடு. மேடையில பேசினியே, பயப்பட வேணாம், ஒட்டாதுன்னு. அத உங்கம்மாகிட்ட சொன்னியா? ஒரு வார்த்த சொல்லி மஹாலட்சுமிய வேலைக்குத் திரும்பக் கூப்டச் சொல்லு. நான் அவளத் தேடிப் புடிச்சுக் கூட்டியாறேன்."

பாப்பா செல்போனைப் பார்த்தாள். "அம்மாக்கு பி.பி. இருக்கு அக்கா. அப்பாவும் ரொம்ப டென்ஷன் ஆறார். கொஞ்ச நாள் போகட்டுமே."

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். பொன்னம்மாள் பழக்கதோஷத்தில் கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். வெறும் பூ, நூல் கட்டினது. சின்னதில் கேட்காமலே கூடையில் கைவிட்ட பிள்ளை, இப்போது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டது. "இன்னிக்கு வேண்டாம் அக்கா, கார்ல வாசனை அடைச்சிக்கும்" என்றாள். பொன்னம்மாள் பொட்டலத்தைத் திரும்பக் கூடையில் வைத்தாள். 

விசாரித்து விசாரித்து, மஹாலட்சுமி தெற்கு டில்லி முனிர்காவில் நாத்தனார் தாயம்மாள் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தது. மாத்திரை விட்டு ரொம்ப நாளாகிவிடக் கூடாதே என்று பொன்னம்மாளுக்குப் பதைப்பு. மண்டியில் பூ வாங்கினாள். பாக்கி மாத்திரை அட்டைகளை இலைக்குள் வைத்து, மேலே பூவைப் பரப்பி, நார் கையில் இருந்தும் அதை ஒதுக்கிவிட்டு நூலால் கட்டினாள். மெட்ரோ மாறிப் போய், குறுகலான மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தது மஹாலட்சுமி. கன்னம் மறுபடி ஒட்டத் தொடங்கியிருந்தது. பொன்னம்மாளைப் பார்த்ததும் அவள் கண் பொட்டலத்துக்குப் போனது. கை லேசாக எழும்பியது.

"யாருடி அது?" என்று உள்ளேயிருந்து தாயம்மாள் கேட்டுக்கொண்டே வந்தாள். வந்தவள் பொன்னம்மாளை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தப் பொம்பளய எங்கேயோ பாத்திருக்கேனே. செல்லுல வந்துதே, பூவுல டி.பி. மாத்திர வெச்சுக் குடுக்கறவ, அவ மாதிரியே இல்ல? உனக்குத் தெரிஞ்சவளா?"

மஹாலட்சுமி எழும்பின கையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "யாரோ பூக்காரி அண்ணி. எனக்குத் தெரியாது."

பொன்னம்மாளுக்கு ஒரு வார்த்தை போதும். இவ உசிருக்குத்தாம்மா வந்தேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். உள்ளங்கையில் சூடம் சுட்ட தழும்பு இன்னும் இருந்தது.

"ஆமாம்மா, வீடு மாறி வந்துட்டேன்" என்றாள். அப்புறம் பொட்டலத்தை மஹாலட்சுமிப் பக்கமாகவே நீட்டினாள். "வந்ததுக்கு இந்தப் பூவ சாமிக்கு வெச்சுக்கம்மா. காசு வேணாம்."

மஹாலட்சுமி பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடாதடி" என்றாள் தாயம்மாள். "எங்க வீட்டுக்குப் பூ வேணாம். எடுத்துட்டுப் போ."

கதவு சாத்திக்கொண்டது. பொன்னம்மாள் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாள். மாத்திரை அவள் கையிலேயே இருந்தது.